தவளை தன் வாயால் கெடுமா?

தேனி வாசகி: “தவளை தன் வாயால் கெடும்” என்கிறோம். கத்துவது ஆபத்து என்றால் தவளை ஏன் கத்துகிறது? இதை யாரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா?

பதில்: ஆராய்ந்திருக்கிறார்கள், பழமொழி பொய்யில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது, பெருகிய நீரில் மூழ்காமல் எஞ்சிய குன்றின் தலைதான் பாரோ கொலராடோ தீவு. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள அந்தத் தீவில், மழைநீர் தேங்கிய குட்டைகளில் இரவெல்லாம் கத்துவது துங்கரா என்னும் தவளை; மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஆண் தவளை நீரில் மிதந்தபடி, மேலிருந்து கீழே இறங்கும் இழுவையான ஓர் ஒலியை எழுப்பும். சில வேளைகளில் அதன் முடிவில் ‘சக், சக்’ என்று குறுகிய ஒலிகளையும் சேர்த்துக்கொள்ளும். ஆய்வாளர் மைக்கேல் ரையன் ஓர் ஒலிபெருக்கியில் இழுவையை மட்டும், இன்னொன்றில் ‘சக்’ சேர்ந்த அழைப்பை ஒலிக்கவிட்டபோது, நடுவே விடப்பட்ட பெண் தவளைகள் பெரும்பாலும் ‘சக்’ கேட்ட பக்கமே தத்திச் சென்றன.

அங்கே தவளை தின்னும் வௌவால் ஒன்றும் உண்டு. அது குரலை வைத்தே இரையைக் கண்டுபிடிக்கிறது என்பதையும், நச்சுள்ள தவளையையும் நச்சில்லாததையும் குரலாலேயே பிரித்தறிகிறது என்பதையும் மெர்லின் டட்டிலும் ரையனும் 1981இல் வெளியிட்டனர். பிறகு நடந்த சோதனைகளில் அந்த வௌவாலும் ‘சக்’ சேர்ந்த அழைப்பையே அதிகம் நாடியது. பெண்ணைக் கவரும் ஒலியே காலனையும் அழைக்கிறது. அதனால்தான் தனித்திருக்கும் ஆண் பெரும்பாலும் இழுவையோடு நிறுத்திக்கொள்கிறது. பக்கத்தில் போட்டிக்குரல் எழுந்தால் மட்டுமே துணிந்து ‘சக்’ சேர்க்கிறது. தலைக்கு மேல் வௌவால் பறந்தால் குட்டையே சட்டென்று அடங்கிவிடும். ஆனால், கத்தும்போது தொண்டைப்பை உப்பி உப்பி எழுப்பிய நீர்வளையங்கள் குரல் நின்ற பிறகும் சில நொடிகள் பரவிக்கொண்டிருக்க, வௌவால் அவற்றையும் தன் எதிரொலியால் உணர்ந்துவிடுகிறது. வாயை மூடிய பின்னும் தப்ப முடியாத அந்தச் சில நொடிகள்தாம் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் மனத்தில் நிற்பவை.

மதுரை வாசகர்: வௌவாலும் பாம்பும் தின்றா தவளை இனங்கள் அழிகின்றன?

பதில்: இல்லை. கொன்று தின்னும் உயிர்களோடு தவளை நெடுங்காலமாக வாழ்ந்து பழகிவிட்டது. அதே பனாமாவில், எல் கோப்பே என்ற மலைக்காட்டில் 2004இல் பரவிய கைட்ரிட் பூஞ்சை வேறு வகையானது. தவளை தோலின் வழியாகவும் மூச்சுவிடுகிறது, நீரும் உப்பும் அந்தத் தோலின் வழியாகவே வந்து போகின்றன. பூஞ்சை அதைப் பற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுபோகும். அங்கே இருந்த 74 நிலநீர்வாழ் இனங்களில் 30 மறைந்தன. அவற்றுள் ஐந்து, அறிவியல் பெயர் சூட்டப்படும் முன்பே போய்விட்டவை என்பது, முன்னரே சேகரித்து வைத்திருந்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது.

பனாமாவின் பொன்னிறத் தவளையின் கதை இன்னும் கொடியது. ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் முன்காலைத் தூக்கி அசைத்துச் சேதி சொல்லும் இனம் அது. வாயால் கெட்டது என்று அதைச் சொல்லவே முடியாது. காட்டில் 2009க்குப் பிறகு அது காணப்படவில்லை. வளர்ப்பு மையங்களின் கண்ணாடித் தொட்டிகளில் பிழைத்திருக்கிறது. பூஞ்சை இன்னும் ஓடைகளில் இருப்பதால், வளர்த்தவற்றை அப்படியே கொண்டுபோய் விட்டுவிட இயலாது. இழப்பு தவளைகளோடும் நிற்கவில்லை: கோஸ்டா ரிக்காவிலும் பனாமாவிலும் தவளைகள் அழிந்த பகுதிகளில் அடுத்த சில ஆண்டுகளுக்கு மலேரியா கூடியதை 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கோவை மாணவி: விலங்கியல் படிக்கிறேன். தவளை ஆய்வுக்கு என்னைத் தயார்செய்துகொள்ள என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் காதைப் பழக்குங்கள். மழைக்காலத்தில் வீட்டருகே ஒரே குட்டையின் கரையில், ஒரே நேரத்தில், கைபேசியில் பத்து நிமிடம் பதிவுசெய்து, மழை, வெப்பம், கேட்ட குரல்கள் ஆகியவற்றை நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு பருவம் விடாமல் எழுதினால், எந்தக் குரல் முதல் மழைக்கு எழுகிறது, எது பின்னால் வருகிறது என்று உங்களுக்கே பிடிபடும். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி கட்டாயம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கைட்ரிட் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. ஆகவே ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகும் முன் காலணியின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, உலர விடுங்கள். தவளையைக் கையில் எடுக்க நேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.