முடி கனத்துக்குள் ஈர்ப்பு விசை

கேள்வி: நிலாவுக்கும் பூமிக்கும் நியூட்டன் விதி பொருந்துகிறது, சரி. இரண்டு பொருட்கள் தலைமுடி கனத்துக்கு நெருங்கினாலும் அதே விதிதானா? யாராவது அளந்தார்களா?

பதில்: அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2020இல் 52 மைக்ரான் இடைவெளி வரை போய்ப் பார்த்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆக நீங்கள் கேட்ட முடி கனம்தான். அங்கேயும் நியூட்டன் சொன்னதே நடக்கிறது: தூரம் பாதியானால் இழுப்பு நான்கு மடங்கு.

அது ஏன் நான்கு? ஈர்ப்பு எல்லாப் பக்கமும் பரவுகிறது, பரவும் கோளத்தின் பரப்பு தூரத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது, ஏனென்றால் நம் வெளிக்கு மூன்று பரிமாணங்கள். 1998இல் அர்க்கானி-ஹமேத், டிமோபூலோஸ், ட்வாலி என்ற மூன்று இயற்பியலாளர்கள், மில்லிமீட்டர் அளவுக்குச் சுருண்ட இன்னும் இரண்டு பரிமாணங்கள் இருக்கலாம், ஈர்ப்பு அதற்குள்ளும் கசிவதால்தான் நமக்கு இவ்வளவு பலவீனமாகத் தெரிகிறது என்றார்கள். அப்படியானால் அந்தச் சின்னத் தூரத்துக்குள் இழுப்பு நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்காக ஏற வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, காரணம் மேசைமேல் வைத்துச் சோதிக்க முடிகிறது.

ஆனால் சோதிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே மின்விசை ஈர்ப்பைவிட ஒன்றுக்குப் பின் 36 பூஜ்யம் போட்ட அளவுக்குப் பெரியது, அதனால் உலோகப் பரப்பில் துளி மின்னூட்டம் தங்கினாலும் அளவீடு கெட்டுவிடும். சியாட்டில்காரர்கள் மெல்லிய இழையில் ஒரு வட்டத் தகட்டைத் தொங்கவிட்டு, கீழே இன்னொரு தகட்டை மெதுவாகச் சுழற்றி, நடுவில் மின்விசையைத் தடுக்க மெல்லிய உலோகத் தாளை இழுத்துக் கட்டினார்கள். மேல் தகடு எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒளிக்கற்றையை வைத்துப் படித்தார்கள். 1798இல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்துச் செய்த முறுக்குத் தராசின் (தொங்கும் இழை எவ்வளவு முறுகுகிறது என்று பார்த்து விசையை அளக்கும் கருவி) வாரிசுதான் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரபஞ்சத்தை மேலும் மேலும் வேகமாக விரியச் செய்யும் இருண்ட ஆற்றலின் அடர்த்தியை ஒரு நீளமாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 85 மைக்ரான் வருகிறது, அங்கே ஏதாவது புதிதாகத் தெரியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அதைவிட நெருங்கிப் பார்த்தும் விதி மாறவில்லை. ஈர்ப்புக்குச் சமமான பலத்தோடு வேறொரு விசை ஒளிந்திருந்தால், அதன் வீச்சு சுமார் 39 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். அதற்கும் வெகு கீழே ஈர்ப்பு பதினாறு மடங்காக ஏறினாலும் இன்றைய கருவிகளுக்குத் தெரியாது.