கோடு இல்லாத பந்தயம்

கேள்வி: ‘பறவ’ என்ற மலையாளப் படத்தைப் புறா பந்தயப் படம் என்று நம்பி மகனோடு பார்த்தேன். பையன்கள் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எது முந்துகிறது என்றே தெரியவில்லை. இதில் பந்தயம் எங்கே? போதாததற்கு, ‘எனக்கும் புறா வேண்டும்’ என்று மகன் அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எந்தப் புறாவும் முந்தாது. நீங்கள் தேடியது ஹோமர் பந்தயத்தை. அதில்தான் பறவையை வண்டியில் ஏற்றி, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் திறந்துவிட்டு, வீடு திரும்பும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். படம் நடக்கும் கொச்சியின் மட்டாஞ்சேரிக் கூரைகளுக்கு மேல் நடப்பது வேறு ஆட்டம். காலையில் சொந்தக் கூண்டிலிருந்தே விடுவார்கள். புறா தன் மாடிக்கு மேலேயே சுற்ற வேண்டும். அதிக நேரம் இறங்காமல் பறந்தது எதுவோ, அதற்கே பரிசு. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் நேரம் குறிப்பவர் கண்ணில் அவ்வப்போது பட வேண்டும், பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்தால் கணக்கில் வராது என்பவை பொதுவானவை. பறவை புள்ளியாகச் சுருங்கும் உயரத்தில், மேகத்துக்குள் போனது தன் புறாதானா, வெளியே வந்தது வேறொன்றா என்று சொல்லக் கண் பழகியிருக்க வேண்டும். அந்தப் பையன்கள் சும்மா நிற்கவில்லை ஐயா, ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெற்றி தோல்வி பெரும்பாலும் கூண்டுக்குள்ளேயே முடிவாகிவிடும். வயிறு நிறையத் தின்ற புறா ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒரேயடியாகப் பட்டினி போட்டால் உச்சி வெயிலில் தளர்ந்துபோகும். நாளுக்கு ஒரு புறாவுக்கு ஏறத்தாழ 30 கிராம் தீனி. அதைக் கூட்டிக் குறைத்து, கையில் பிடித்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தே உடம்பைச் சரிக்கட்டுவார்கள். முட்டையில் உட்காரும் ஜோடியைப் பறக்கவிட்டால் மனசெல்லாம் கூண்டில் இருக்கும். இறகு உதிரும் பருவத்தில், அடித்தண்டில் ரத்தம் ஓடும் இளம் இறகோடு விடுவது கொடுமை. இத்தனையும் சரியாக இருந்தும் வல்லூறு ஒன்று வந்தால் கூட்டம் சிதறும். மிரண்ட புறா திசை தப்பினால் அன்றைய நாள் போயிற்று.

இந்த வேலை காலையும் மாலையும், மாதக்கணக்கில். ஒருவன் வானத்தைப் பார்த்தால் இன்னொருவன் கூண்டைப் பார்க்க வேண்டும். படத்தின் பையன்களான இச்சாப்பி, ஹசீப் இருவரின் நட்பை வசனம் பேசி நிரூபிக்காமல் இந்த வேலைப் பங்கீட்டிலேயே காட்டியதுதான் சௌபின் ஷாஹிரின் கெட்டிக்காரத்தனம். 2017-ல் வந்த இது அவர் இயக்கிய முதல் படம். கொச்சிக்காரர் என்பதால், அந்த ஊர்ச் சந்தையும் பள்ளிக்கூடமும் கூரைகளும் சுற்றுலாப் படமாக மாறாமல் தப்பின. லிட்டில் ஸ்வயம்பின் கேமரா பல இடங்களில் புறாவின் உயரத்துக்கே ஏறிவிடுகிறது.

படம் சவ்வாக இழுக்கிறது என்றால் இழுக்கும் இடம் வானம் அல்ல. துல்கர் சல்மான் வரும் பழைய கதைதான். இச்சாப்பியின் அண்ணன் ஷேன் ஏன் நொறுங்கிக் கிடக்கிறான் என்று சொல்ல அது தேவை. ஆனால் அது நீள நீள, மாடியும் பையன்களும் நம் கையைவிட்டுப் போகிறார்கள். குறை சொல்வதானால் அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மகனுக்கு வாங்கித் தாருங்கள். வளர்ந்த புறா வேண்டாம். இறக்கையைக் கட்டி வைத்தாலும், அவிழ்த்ததும் பழைய கூண்டைத் தேடிப் போகக்கூடும். தானாகத் தின்னத் தொடங்கிய, ஒரு மாதத்துக் குஞ்சுகள் இரண்டு போதும். பத்து நாளாவது மாடியில் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்து, சுற்றுப்புறத்தைப் பார்க்கவிடுங்கள். தீனி போடும்போதெல்லாம் ஒரே டப்பாவைக் குலுக்கட்டும். முதன்முதலில் வெளியே விடுவது மாலையில், பசியோடு இருக்கும்போது. கூண்டைத் திறந்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கைதட்டி விரட்டினால் மிரண்டு போனது போனதுதான். பூனை ஏறாத உயரமும் எச்சம் கீழே விழும் வலைத் தரையும் கூண்டுக்கு அவசியம். உலர்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மூக்கைத் துணியால் மூடி, எச்சத்தை லேசாக நனைத்த பிறகே சுரண்டச் சொல்லுங்கள்.

பிறகு, தேர்வு வந்தால் தீனி யார் போடுவது? இதை மகனிடம் இப்போதே கேளுங்கள். உங்கள் பெயரைச் சொன்னால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தெருவில் ஒரு கூட்டாளியின் பெயரைச் சொன்னால், நாளைக்கே குஞ்சு வாங்கப் போகலாம்.