அம்மாவின் குறிப்பேடுகள்

கேள்வி: பொதுநல அக்கறை மிகுந்த ஒரு தாயோ தந்தையோ தம் சிறிய ஊரில் நிலையாக விட்டுச் செல்வது என்ன? அவர்களுடைய பிள்ளையாக நீங்கள் அதை எப்படி உணர்கிறீர்கள்?

என் அம்மா எந்தப் பதவியிலும் இருந்ததில்லை, தேர்தலில் நின்றதுமில்லை. அவர் பெயரில் ஊரில் தெருவோ கல்வெட்டோ கிடையாது. ஆயினும் அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும் அவருடைய கைபட்ட இடங்களை என்னால் சுட்டிக்காட்ட முடியும். அவற்றுள் பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாதவை. மழை பெய்த பிறகு நீர் தேங்காமல் கிடக்கும் தெருமுனையை யார் நின்று பார்க்கிறார்கள்?

அந்தத் தெருமுனையில் முன்பெல்லாம் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் அளவு நீர் நிற்கும். ஊரே சலித்துக்கொண்டது; அம்மா குறித்துவைத்தார். எந்த நாள் மழை பெய்தது, நீர் வடிய எத்தனை மணி நேரம் ஆனது, எந்த வீட்டு வாசல்வரை ஏறியது என்று இரண்டு மழைக்காலங்கள் விடாமல் எழுதி, ஊரின் வரைபடம் ஒன்றைக் கையாலேயே வரைந்து, அதில் புள்ளிகள் இட்டார். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்ததை மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்து, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்ததையும், பின்னர் அதை வரைபடமாகவே வெளியிட்டதையும் அவர் படித்திருந்தார். அம்மாவின் புள்ளிகள் காட்டியது, சாலைக்கு அடியில் செல்லும் ஒரு குழாயை. அதில் வந்து சேரும் வடிகாலைவிட அது குறுகலாக இருந்தது. அலுவலகத்தில் அவருடைய மனு இரண்டு முறை காணாமற்போனது. இரண்டு முறையும் ஒப்புகைச் சீட்டின் நகலோடு போய் நின்றார். குரலை உயர்த்திப் பேசியதாக நினைவில்லை. தேதிகளை மட்டும் வரிசையாகச் சொல்வார், அதுவே எதிரில் இருப்பவருக்குப் போதிய தண்டனையாக இருந்தது.

நூலகத்தின் கதை வேறு. கட்டடம் கட்டப் பணம் தர ஒருவர் முன்வந்ததும் எல்லோரும் திறப்பு விழாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, திறந்த மறுநாள் விளக்குப் போடுவதும் பெருக்குவதும் யார் என்று அம்மா கேட்டார். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகியின் கொடையால் உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. ஆனால் இடத்தை ஊர் தர வேண்டும், கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க ஊர் உறுதியளிக்க வேண்டும் என்பது அவர் வழக்கமாக விதித்த நிபந்தனை. அம்மா அதை எடுத்துக்காட்டி, அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே ஆண்டுச் செலவுக்கான தீர்மானத்தை மன்றம் நிறைவேற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நல்ல காரியத்தின் நடுவே கணக்குக் கேட்கிறாரே என்று சிலர் முகம் சுளித்தார்கள். நூலகம் இன்றுவரை மாலை ஏழு மணிவரை திறந்திருப்பதற்கு, என் பார்வையில், அந்தக் கட்டடத்தைவிட அந்தத் தீர்மானமே காரணம்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு விலை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மன்றக் கூட்டம் நடக்கும் மாலைகளில் அம்மா வீட்டில் இருக்கமாட்டார். நான் பள்ளி மேடையில் முதன்முதலாகப் பேசிய நாளும் அப்படியொரு மாலையாக அமைந்தது. பார்வையாளர் வரிசையில் இருந்த காலி நாற்காலி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவருடைய பணியின் மதிப்பு பின்னாளில் எனக்குப் புரிந்தது என்பதால் அந்த வருத்தம் போய்விடவில்லை. இரண்டும் அருகருகே இருக்கின்றன.

அவர் மறைந்த சில மாதங்கள் கழித்து, அந்த நூலகத்தில் படித்து வளர்ந்த இளம்பெண் ஒருவர் வந்து, அம்மாவின் குறிப்பேடுகளைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் அதுவரை அவற்றைத் திறந்திருக்கவில்லை. இருவருமாகப் புரட்டியபோது, கடைசி ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மின்கம்பத்தின் எண்ணும், அதற்குக் கீழே ‘மூன்றாம் நினைவூட்டல் அனுப்பியாயிற்று’ என்ற வரியும் இருந்தன. அன்றிரவே போய்ப் பார்த்தோம், விளக்கு எரியவில்லை. நான்காம் நினைவூட்டலை அந்தப் பெண் எழுதினார், நான் கையெழுத்து மட்டும் இட்டேன்.