மாம்பூக்களில் எருக்குழி ஈக்கள் மொய்க்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?

பக்கத்து நிலத்து எருக்குழியிலிருந்து ஈக்கள் வந்து மாம்பூக்களை மொய்ப்பதாகவும், அவற்றை ஒழிக்க மருந்து வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பூவிலேயே விளைச்சலைக் குத்தகைக்கு எடுத்தவர் உங்களையும் நெருக்குகிறார் என்றே ஊகிக்கிறேன். அந்த ஈக்களை விட்டுவிடுங்கள். உங்கள் பூவைக் காயாக்குபவை அவைதாம்.

மாம்பூவின் மகரந்தம் ஒட்டும் தன்மை உடையது என்பதால் காற்றை நம்பிப் பயனில்லை. ஒரே கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். அவற்றுக்கிடையே மகரந்தம் செல்ல ஏதேனும் ஒரு பூச்சி நடந்தாக வேண்டும். தேன் ஆழமில்லாமல் மேலாகவே இருப்பதால், குட்டையான வாயுடைய ஈக்களுக்கு அது எளிதில் எட்டுகிறது. சாணத்திலும் அழுகலிலும் புழுவாக வளர்ந்த பச்சை ஈ, காலையில் உங்கள் தோப்புக்கு வேலைக்கு வருகிறது. பூவுக்கு முன் அந்தரத்தில் நின்று பறக்கும் மஞ்சள் வரி ஈயையும் பார்த்திருப்பீர்கள். அவ்வினத்தில் பலவற்றின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைத் தின்று வளர்பவை.

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் எங்களுக்குப் பெங்களூரா ரக மாந்தோப்பு உண்டு. ஒரு தை மாதம், பூ முழுவதும் மலர்ந்திருந்த நேரத்தில், குத்தகைதாரர் மருந்துக் கடையில் கலந்து கொடுத்த மூன்று புட்டிகளோடும் விசைத்தெளிப்பானோடும் வந்து, "ஈயா மொய்க்குதுண்ணா, இன்னைக்கே அடிச்சிடலாம்" என்றார். முன்பணம் கொடுத்தவரின் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு வெள்ளைத் துண்டைக் கொத்துக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டிக் காட்டினேன். ஈக்கள் எழும்பிப் பறந்துவிட்டன. துண்டில் விழுந்தவை ஆப்பு வடிவில், பழுப்பு நிறத்தில், தொட்டால் பக்கவாட்டில் துள்ளும் தத்துப்பூச்சிகள். பூக்காம்பின் சாற்றை உறிஞ்சிப் பூவைக் காயவைப்பவை அவைதாம். அவை கழிக்கும் இனிப்பு நீர் இலையில் படிய, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து வெயிலை மறைக்கிறது. அந்த இனிப்புக்கு எறும்பு வருகிறது, ஈயும் வருகிறது. கண்ணில் படுகிற ஈயின் மேல் பழி விழுகிறது.

அவர் அரைமனத்தோடுதான் திரும்பினார். அவ்வாண்டு காய் நன்றாகவே பிடித்தது. ஈக்களால்தான் பிடித்தது என்று நான் சாதிக்க மாட்டேன், பனியும் அவ்வாண்டு குறைவு. மருந்தே கூடாது என்று பேசுகிறவனும் அல்லன். இதைப் படித்துவிட்டு "இயற்கை விவசாயம் சோறு போடுமா" என்று கேட்க வருகிறவர்கள் அந்தச் சிரமத்தைத் தவிர்க்கலாம். தத்துப்பூச்சிக்கு நானும் தெளிக்கிறேன், ஆனால் பூங்கொத்து வெளிவரும் போதும், பிறகு தேவைப்பட்டால் காய் பட்டாணி அளவுக்கு வந்த பின்னும் மட்டுமே. பூ விரிந்திருக்கும் நாட்களில் தெளித்தால் தத்துப்பூச்சியோடு ஈயும், கொசுத்தேனீயும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்தே சாகும். மறுபடியும் தத்துப்பூச்சி பெருகும்போது அதைத் தடுக்கத் தோப்பில் எதுவும் மிஞ்சியிருக்காது. மருந்து விற்கிறவர் இதைச் சொல்வதில்லை. மாங்கூழ் ஆலைக்காரர் காய்க்கு வைக்கும் விலையில் அந்த மூன்று புட்டிகளின் செலவாவது திரும்புமா என்பதும் எனக்கு நெடுநாள் கோபம்.

எருக்குழிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அதற்குப் பதில், அறுவடை முடிந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கிளைகளையும் காய்ந்த குச்சிகளையும் வெட்டி உள்ளே வெயில் விழச் செய்யுங்கள். நிழலும் ஈரமும் அடர்ந்த தோப்பில்தான் தத்துப்பூச்சி தங்குகிறது. இப்போதைக்கு ஒரு துண்டை எடுத்துச் சென்று நாலைந்து மரங்களில் தட்டிப் பாருங்கள். விழுவது மிகுதியாக இருந்தால், அடுத்த ஆண்டுக் குத்தகை பேசும்போதே எப்போது தெளிக்கலாம், எப்போது கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.