பழைய மூட்டின் மேல் தாரை ஊற்றலாமா?

அச்சுவேலியில் கொங்கிறீற் வேலை செய்யும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "விமானம் நிறுத்தும் கொங்கிறீற் தளம் ஒன்றில் 400 மீற்றர் மூட்டு அடைக்கிற வேலை, சப் கொந்திராத்தாகக் கிடைத்திருக்கிறது. பழைய அடைப்பு அங்கங்கே கழன்று நிற்கிறது. பொருளைத் தானே தருவதாகவும், பழசுக்கு மேலே உருக்கி ஊற்றினால் போதும் என்றும் வேலையைப் பிடித்துத் தந்தவர் சொல்கிறார். ஊற்றலாமா? வெடிப்புகளையும் அதாலேயே அடைக்கலாமா?"

ஊற்ற வேண்டாம் தம்பி. ஒரு மாரிகூடத் தாங்காது.

மூட்டு என்பது, பக்கத்துப் பக்கமாகக் கிடக்கும் இரண்டு கொங்கிறீற் சிலாப்புகளுக்கு நடுவில் விடும் இடைவெளி. 5 மீற்றர் நீளமான சிலாப் ஒன்று, விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 20 பாகை வித்தியாசம் இருந்தால், ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். ஒவ்வொரு நாளும் இது நடக்கும். மூட்டில் ஊற்றும் பொருள் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டு ரப்பர் மாதிரி இழுபட வேண்டும். பழைய அடைப்பே சுவரை விட்டுக் கழன்றிருக்கும்போது, அதன் மேல் ஊற்றுகிற புதுசு எதைப் பிடிக்கும்? இடுக்கால் மழைத்தண்ணீர் இறங்கும். பாரம் ஏறும்போதெல்லாம் அடித்தளத்துத் தூள் சேறாக வெளியே வரும். சிலாப்புக்குக் கீழே வெறுமையாகும். சின்னக் கல் உள்ளே போனால் இன்னும் மோசம்: மத்தியானம் சிலாப் நீளும்போது கல் இடம் விடாது, மூட்டின் விளிம்பு உடையும். அந்தத் துண்டை ஜெற் இயந்திரம் உறிஞ்சினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, என்ன செய்வது? பழசை முழுக்கக் கிளறி எடுங்கள். இரண்டு சுவரிலும் மெல்லியதாகக் கொங்கிறீற் வெட்டும் மெஷினை ஓட்டிப் புது முகம் எடுங்கள். வெட்டிய சேற்றை அந்த இடத்திலேயே தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், காய்ந்தால் சீமெந்துப் பூச்சுப் போல ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு சுவர் ஒவ்வொன்றுக்கும் மணல் வீச்சு அடியுங்கள், அதாவது காற்றழுத்தத்தால் குழாய் வழியே மணலை வீசித் தேய்த்தெடுங்கள். குழாயை நடுவில் பிடித்து ஒரே ஓட்டமாக ஓடினால் சுவரில் படாது. பிறகு கொம்பிரசர் காற்று. கொம்பிரசரில் இருந்து எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, குழாய்க்கு முன்னால் ஒரு வெள்ளை மட்டையைப் பிடியுங்கள். கறை பட்டால் அந்தக் கொம்பிரசர் வேண்டாம். கடைசியாகக் கறுப்புத் துணியால் சுவரைத் துடையுங்கள். துணியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் மூட்டு இன்னும் தயாரில்லை. எங்கள் பக்கத்தில் சோளகம் வீசும் மாதங்களில் காலையில் துப்புரவாக்கிய மூட்டில் மத்தியானமே புழுதி படிந்துவிடும். அன்று துப்புரவாக்கியதை அன்றே அடையுங்கள்.

அடியில் நுரைக்கயிறு வைக்காமல் ஊற்றக் கூடாது. 10 மில்லிமீற்றர் மூட்டுக்கு 12, 13 மில்லிமீற்றர்க் கயிறு, இறுக்கமாக இருக்க வேண்டும். கயிறு இல்லாவிட்டால் பொருள் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். மூன்று பக்கமும் பிடிபட்டது இழுபடாது, கிழியும். உருக்கி ஊற்றுவதென்றால் சூடு தாங்கும் கயிறு வாங்குங்கள், சாதாரணக் கயிறு உருகிப்போகும். மட்டத்துக்கு நிரப்பவும் வேண்டாம். 3 முதல் 6 மில்லிமீற்றர் தாழ்த்தி விட்டால் ரயர் அதைப் பிடுங்காது.

இப்போது பொருளைப் பற்றி. லேபல் இல்லாத பீப்பாவைத் தொடவே வேண்டாம். றோட்டுக்கு ஊற்றும் சாதாரணத் தாரை "ரப்பர் கலந்தது, கொழும்பில் இருந்து வந்தது" என்று தள்ளிவிடுகிற தரகர்களை நிறையக் கண்டிருக்கிறேன். தயாரித்த தொகுதி இலக்கம், திகதி, எத்தனை பாகைக்கு மேல் சூடாக்கக் கூடாது என்ற வரி மூன்றும் லேபலில் இருக்க வேண்டும். பீப்பாவுக்குக் கீழே விறகு வைத்து எரித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கருகிவிடும். நடுவில் எண்ணெய் சூடாகும் இரட்டைச் சுவர்க் கொப்பரை தேவை. அது அவரிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அந்தக் கேள்வியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

எல்லா மூட்டுக்கும் ஒரே பொருள் போதும் என்று நினைக்க வேண்டாம். விமானத்துக்கு எரிபொருள் ஏற்றும் இடம் வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலரும் விழும் குழி இது. கையில் பட்ட தாரை எதால் துடைப்பீர்கள்? மண்ணெண்ணெயால். ஜெற் எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். அது சிந்தும் இடத்தில் தார் ரப்பர் கூழாகிவிடும். சிலிக்கோனை எல்லாவற்றுக்கும் சரி என்று விற்பார்கள், ஆனால் எரிபொருள் தேங்கினால் அதுவும் ஊதும். அங்கே எரிபொருளைத் தாங்கும் வகை என்று எழுத்தில் உறுதி உள்ள பொருள் வேண்டும், பொலிசல்பைட் என்ற செயற்கை ரப்பர் போல. எரிபொருள் பவுசர் நிற்கும் இடம், இறக்கைக்குக் கீழ் வரும் மூட்டுகள் எல்லாவற்றையும் நடந்து பார்த்துச் சோக்கால் குறியுங்கள். சந்தேகமிருந்தால் காய்ந்த ஒரு துண்டை இரவு மண்ணெண்ணெயில் போட்டு வையுங்கள். காலையில் எண்ணெய் கறுத்திருந்தாலோ துண்டு ஊதியிருந்தாலோ அந்தப் பொருளை அந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வெடிப்பு: 3 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். அகலமானதை வாய் வெட்டி மூட்டைப் போலவே அடையுங்கள். சீமெந்துக் கலவை திணிக்க வேண்டாம். வாகனம் ஏறும்போது ஒரு பக்கம் ஏறி இறங்கினால் அது அடைக்கிற வேலையே இல்லை, பொறியியலாளரிடம் எழுத்தில் அறிவியுங்கள்.

உங்களைத் தனியாகக் குறை சொல்ல மாட்டேன். கேள்விப்பத்திரத்தில் (ரெண்டரில்) "மூட்டு அடைத்தல், மீற்றருக்கு இவ்வளவு" என்று ஒரே வரி. துப்புரவுக்கு விலை இல்லை. ஊற்றி மூடிய பிறகு நாடா பிடித்து அளக்கிறார்கள், உள்ளே யார் பார்த்தார்? நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், வருட முடிவுக்குள் காசு செலவாக வேண்டும் என்று மார்கழியில் மழை விட்ட இடைவெளிகளில் ஊற்றினார்கள். மாசியில் நாங்கள் கையாலேயே நாடா நாடாவாகப் பிடுங்கி எடுத்தோம். வடக்கில் கூடுதல் மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை என்பது குழந்தைக்கும் தெரியும். நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது என்பதற்காக வானம் காயுமா? வாடைக் காலத்தில் தொடங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

விலை பேசும்போது வெட்டுதல், மணல் வீச்சு, கயிறு, ஊற்றுதல் நான்கையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். முதலில் 10 மீற்றர் மட்டும் அடையுங்கள். நன்றாக இறுகிய பிறகு குறுக்கே ஒரு வெட்டு, இரண்டு சுவரோரமும் 50 மில்லிமீற்றர் வெட்டு, நுனியைப் பிடித்து இழுங்கள். பொருளே கிழிந்தால் மிச்சத்தைத் தொடங்கலாம். சுவரை விட்டுச் சுத்தமாகக் கழன்று வந்தால், அந்த 10 மீற்றரையும் எடுத்துவிட்டு மணல் வீச்சில் இருந்து திரும்பத் தொடங்குங்கள்.