வார்டன் ஆவதற்கு ஒரு முதுகலைப் படிப்பா?

ஐயா, வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மூன்று வருடமாகப் பெண்கள் விடுதிக்குத் துணை வார்டனும் நான்தான். பாடம் நடத்துவதைவிட விடுதி வேலையில்தான் மனம் ஒட்டுகிறது. அமெரிக்காவில் ‘ஸ்டூடன்ட் அஃபேர்ஸ்’ என்று இதற்கே முதுகலைப் படிப்பு இருக்கிறதாம். வீட்டில் சொன்னால், “வார்டன் ஆகறதுக்கு யாராவது அமெரிக்கா போய்ப் படிப்பாங்களா?” என்கிறார் அப்பா. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா?
— சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

நானும் விடுதியில் படித்தவன்தான். இரண்டாம் வருடத்தில் எதிர் அறைப் பையன் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டான். மெஸ் நோட்டில் அவன் பெயருக்கு நேரே பதினோரு கட்டங்கள் காலி. அந்த நோட்டில் வார்டன் தினமும் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் அவனைக் கூப்பிட்டு, சாப்பிடாத நாட்களுக்கு ஏன் முன்கூட்டியே எழுதித் தரவில்லை என்று கண்டித்தார். அடுத்த வாரம் பெட்டியோடு ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அந்த வார்டன் நல்ல மனிதர். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத பையன்களுக்குத் தன் வீட்டுப் பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர். ஆனால் பதினோரு காலிக் கட்டங்கள் என்ன சொல்கின்றன என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எதிர் அறையில் இருந்த எனக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்கு என் பதில் இதுதான். பாசம் உங்களிடம் இருக்கிறது. இந்த வேலைக்கு அதற்கு மேல் ஒரு தொழில் தேர்ச்சியும் வேண்டும், அதைப் படித்துத்தான் பெற முடியும்.

அமெரிக்கர்கள் இதை நூறு வருடத்துக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். கல்லூரிகளுக்குப் பெண்கள் வரத் தொடங்கியபோது, மாணவிகளைக் கவனித்துக்கொள்ள ‘டீன் ஆஃப் விமன்’ என்று ஒரு பதவி வந்தது. அதற்கென்றே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் படிப்பு தொடங்கினார்கள். 1922இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவிக்கு வந்த லூசி டிக்ஸ் ஸ்லோ என்ற கறுப்பினப் பெண்மணியைப் பற்றி நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். டென்னிஸ் சாம்பியனும்கூட. மாணவிகளைக் காவல் காப்பதல்ல, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்தப் பழக்குவதே தன் வேலை என்று கடைசிவரை போராடியவர்.

அப்புறம் 1960. அலபாமாவில் மான்ட்கமரி நீதிமன்றக் கட்டடத்துச் சிற்றுண்டிச் சாலையில் வெள்ளையர்களுக்கு மட்டுமே பரிமாறுவார்கள். கறுப்பின மாணவர்கள் அங்கே போய்ச் சாப்பாடு கேட்டார்கள். ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் அவர்களுடைய அரசுக் கல்லூரி நீக்கியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் போனது. காரணம் சொல்லாமல், மாணவர் தரப்பைக் கேட்காமல் அரசுக் கல்லூரி யாரையும் நீக்க முடியாது என்று 1961இல் தீர்ப்பு வந்தது. கல்லூரி பெற்றோர் ஸ்தானத்தில் இருக்கிறது, அதனால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நினைப்பு அங்கே அதன் பிறகுதான் உடையத் தொடங்கியது.

உங்களுக்கு அங்கே கஷ்டமாக இருக்கப்போவதும் இதுதான். ஒரு பெண் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லையென்றால் நாம் முதலில் அவள் அப்பாவுக்குப் போன் போடுவோம். அங்கே 1974ஆம் வருடச் சட்டப்படி கல்லூரிப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருடையது. அவசர நிலை போன்ற சில விலக்குகள் தவிர, அவர் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது.

என் அக்கா மகள் இந்தப் படிப்பைத்தான் முடித்தாள். படிக்கும்போதே ஒரு விடுதியைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு டியூட்டி போன் அடித்தது. முதல் வருடப் பெண் ஒருத்தி நடைபாதையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், பேச மறுக்கிறாள். இவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நேராகக் கேட்டாள்: “செத்துப்போகணும்னு தோணுதா?” அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நாம் பயப்படுகிறோம். விதைக்காது, கேட்கத்தான் வேண்டும் என்பது அவளுக்குக் கிடைத்த பயிற்சி. அந்தப் பெண் ஆமென்று தலையை ஆட்டினாள். கவுன்சலர் வரும்வரை இவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. மறுநாள் அந்த இரவை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பேசினார்கள். எங்கே பதறினாய், உன் கை நடுங்கியதா, நீ தூங்கினாயா என்றெல்லாம். இந்தப் படிப்பின் உயிரே அந்தப் பேச்சுதான் என்பாள்.

சரி, பணம். படிப்பு பெரும்பாலும் இரண்டு வருடம். இண்டியானா, பௌலிங் கிரீன், ஜார்ஜியா என்று பெயர்பெற்ற இடங்கள் உண்டு. ஆனால் ரேங்க் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அசிஸ்டன்ட்ஷிப்பைப் பாருங்கள். வாரம் இருபது மணி நேரம் வளாகத்திலேயே வேலை. பதிலுக்குக் கட்டணத்தில் முழுதோ பாதியோ தள்ளுபடி, ஒரு மாதத் தொகை, விடுதி வேலையென்றால் தங்கும் இடமும். பல இடங்களில் இதற்கென்று தனி நேர்முகத் தேர்வு உண்டு. கிடைக்காவிட்டால் கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இந்தத் துறையில் ஆரம்பச் சம்பளம் அந்தக் கடனை அடைக்காது. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கப் பொதுவாக ஒரு வருட அனுமதிதான். பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருடம் இதற்குக் கிடையாது. அதற்குப் பிறகு வேலை பார்க்க எச்1பி என்ற வேலை விசா வேண்டும்; அதற்கான குலுக்கலில் பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், புதிதாகச் சேர்பவருக்கு விசா எடுத்துத் தர எல்லாப் பல்கலைக்கழகமும் முன்வருவதில்லை. திரும்பி வருவதாகவே நினைத்துக்கொண்டு போங்கள். இங்கே நமக்கு வேண்டியவர் நீங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் சேவை, லட்சியம் என்றெல்லாம் எழுதாதீர்கள். அந்த மூன்று வருடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நீங்கள் நின்ற ஒரு ராத்திரி இருக்கும். அதை மட்டும் எழுதுங்கள், பெண்ணின் பெயரை மாற்றி. எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.