மனம் அடங்கிய பிறகுதான் விபாசனாவா?

கேள்வி: தினமும் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். சில நிமிடங்களில் மனம் ஓடிவிடுகிறது, இல்லாவிட்டால் தூக்கம் வருகிறது. முதலில் சமத தியானத்தில் மனத்தை முழுதாக அடக்கிய பிறகுதான் விபாசனாவுக்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சமதம் மனத்தை ஒரே பொருளில் நிலைக்க வைக்கும் பயிற்சி. விபாசனா, உடலிலும் மனத்திலும் நடப்பவை தோன்றி மறைவதை நேராகப் பார்ப்பது. எது முதலில் என்பதில் பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்களே ஒரே வழியை வற்புறுத்துவதில்லை. சமதத்தை முன்வைத்தும் போகலாம், விபாசனாவை முன்வைத்தும் போகலாம், இரண்டையும் சேர்த்தும் போகலாம் என்று அவற்றில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் புத்தரின் சீடர் ஆனந்தர் சொல்கிறார். விபாசனா ஆசிரியர் கோயங்காவின் 10 நாள் முகாமில் முதல் 3 நாட்கள் மூச்சு மட்டும்தான், அப்புறம் உடல் உணர்ச்சிகள். பர்மியத் துறவி மகாசி சயாடோவின் மரபிலோ தொடக்கத்திலிருந்தே வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனத்துக்குள் குறித்துக்கொள்வார்கள். இரண்டுமே சரி. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வீண்.

மனம் ஓடுகிறதா? மூச்சை எண்ணுங்கள். ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல் எண்ணச் சொல்கிறார் பழைய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர். கொஞ்சம் படிந்ததும் எண்ணிக்கையை விட்டுவிடலாம். அப்போதும் ஒரு பழைய கோபம் திரும்பத் திரும்ப வந்தால் அதை விரட்டாதீர்கள். யார் என்ன சொன்னார்கள் என்ற கதைக்குள் போகாமல், நெஞ்சில் இறுக்கம், முகத்தில் சூடு, அது கூடுவது, தணிவது என்று மட்டும் பாருங்கள். விபாசனா அங்கேயே தொடங்கிவிட்டது. தணிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள்.

தூக்கத்துக்கு வெட்கப்பட வேண்டாம், புத்தரின் தலைச்சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கே தியானத்தில் தலை தொங்கியிருக்கிறது! புத்தர் அவருக்குச் சொன்ன வைத்தியம் வரிசையாக இருக்கிறது: காது மடல்களை இழுத்துவிடு, உடம்பைத் தேய், எழுந்து கண்ணை நீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனத்தில் நிறுத்து, நட. எதுவும் பலிக்காவிட்டால் வலப்பக்கம் சாய்ந்து படு, விழித்ததும் எழுந்துவிடு. உங்களுக்கு நடைதான் முதலில் உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் இரவில் தூக்கம் போதாமல் இருந்தால் எந்த உத்தியும் எடுபடாது.

நீண்ட முகாமுக்குப் போகும் எண்ணமிருந்தால் ஒன்று: கடும் மனச்சோர்வு, மனநோய், ஆறாத அதிர்ச்சி ஏதாவது இருந்திருந்தால் முன்பே மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். நாள் முழுக்க மௌனமாக உட்காரும்போது அவை கிளம்பிவிடுவதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் தினமும் 20 நிமிடமே நல்ல அளவு.